ஆக்ஸிஜன் வைத்த கட்டில்

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வரும் நாளில் பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் தொப்பி கொடுப்பார்கள். அவர் கார் ஏறியதும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பனியனில் பிசிறு வெட்டும் செல்லாத்தாளுக்கு இது பழகிப்போயிருந்தது. அதனால், முதலாளி சுப்பையன் அவிநாசி ரோட்டில் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியில் ஒருநாள் போய்ப் படுக்கவேண்டும் என்று சொன்னபோது அவள் ஏன் என்று கேட்கவில்லை.

மாலத்தீவிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அந்த நாட்டு நோயாளிகள் விமானத்தில் வந்து இறங்குவார்கள். காலிக் கட்டிலைக் காட்டினால் யார் அனுப்புவார்கள்?

பெண்களைக் கம்பெனி வேன் கொண்டுவந்து இறக்கியது. எல்லோருக்கும் நோயாளிகள் போடும் பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். மேனேஜர் மணியன் கட்டில் கட்டிலாக நோய் பிரித்துக் கொடுத்தான். ரங்காத்தாளுக்கு நெஞ்சுவலி. பழனாயிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மாடி ஜன்னலோரம் படுத்த செல்லாத்தாளுக்கு மூச்சுத்திணறல். நர்ஸ் அவள் முகத்தில் மாஸ்க் மாட்டி, சிலிண்டரைத் திறந்துவிட்டாள்.

"ஏனக்கா, ஊட்ல ஒரு வார்த்தை கேக்காம கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களே," என்றாள் பழனாயி.

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. சம்பளத்தோட படுக்கச் சொல்றாங்கல்ல, படு," என்றாள் ரங்காத்தாள்.

கீழே கேட்டில் சத்தம் கேட்டது. செல்லாத்தாள் எட்டிப் பார்த்தாள். மொபெட்டில் கொண்டுவந்த ஒருவனை இரண்டு பேர் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

"சாயப்பட்டறைலங்க. ப்ளீச்சிங் தொட்டில ஆசிட் கொட்டிருச்சுங்க. பொகைய இழுத்துட்டான், மூச்சு வரமாட்டீங்குது."

"கட்டில் இல்ல. எல்லாம் ஃபுல்லு. கோயமுத்தூர் கொண்டு போங்க," என்றான் வாட்ச்மேன்.

"அதுவரைக்கும் தாங்காதுங்க சாமி."

கிடந்தவன் பனியனில் கரடிப் படம். ரிஜெக்ட் ஆன சரக்கு. செல்லாத்தாள்தான் கம்பெனியில் கேட்டு வாங்கிப்போய்ப் புருஷன் மாரப்பனுக்குக் கொடுத்திருந்தாள்.

மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினாள். பச்சை அங்கியோடு, வெறுங்காலோடு.

"பேஷண்டெல்லாம் கீழ வரக்கூடாதும்மா," என்று வாட்ச்மேன் மறித்தான்.

"நான் பேஷண்டுன்னா இவரு யாருய்யா?"

வாட்ச்மேனை விலக்கிவிட்டு, கொண்டுவந்த இருவரும் அவளுமாக மாரப்பனைத் தூக்கி மாடியேற்றிக் கட்டிலில் போட்டார்கள். தான் பிடுங்கிப் போட்ட மாஸ்க்கை அவன் முகத்தில் வைத்து அழுத்தினாள்.

"பைத்தியமா உனக்கு? வந்துட்டாங்க!" என்று மணியன் பல்லைக் கடித்தான்.

அதற்குள் வார்டு வாசலில் கோட்டும் டையுமாக அதிகாரிகள்; கூடவே சுப்பையனும் ஆஸ்பத்திரி டாக்டரும். டாக்டர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு மாரப்பனைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். சுப்பையன் அவர்களைக் கீழே விருந்துக்கு அழைத்துப்போனார்; டாக்டர் வார்டிலேயே நின்றுகொண்டார்.

காலடிச் சத்தம் தேய்ந்ததும் மணியன் திரும்பினான். "இவன எறக்கி வேன்ல போடுங்க. பட்டறைக் கேசு, போலீஸ் வரும். தெறப்பு விழாவே நடக்காத ஆஸ்பத்திரில ஒருத்தன் செத்தா யாரு பதில் சொல்றது? மத்தவங்க உடுப்பக் கழட்டுங்க."

நர்ஸின் கை சிலிண்டருக்கு நீண்டது. செல்லாத்தாள் அதன் திருகைப் பொத்திப் பிடித்தாள்.

"தொடாதீங்க. எனக்கு ஒண்ணுமில்லாதப்ப தொறந்து உட்டீங்கல்ல?"

ரங்காத்தாள் எழவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு நெஞ்சு வலிக்குதுங்க மேனேஜர். டாக்டர் பாக்காம எப்படிங்க எந்திரிக்கறது?"

"எனக்குத் தையலே பிரிக்கலீங்க," என்றாள் பழனாயி.

ஒரு கட்டிலும் அசையவில்லை.

"எந்திரிங்கடி!"

"சத்தம் போடாதீங்க. விருந்தாளிங்க இன்னும் கீழதான இருக்காங்க? கூப்புடட்டுங்களா?" என்றாள் செல்லாத்தாள். "அவங்க பாத்த பேஷண்டத்தான நீங்க தூக்கி வெளிய போடறீங்க?"

மணியன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் வாசலைப் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

"ஊசி எடு," என்று நர்ஸை விரட்டினார்.

செல்லாத்தாள் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. மாரப்பனின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரடி மேலே எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது.