மடிப்புக்காரரின் பத்துப் பைகள்

எங்கள் குவார்ட்டர்ஸில் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டில் தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறு வயசு" என்று சொல்லிவிடலாம். ஆகவே அந்தப் பக்கத்து வீட்டு மடிப்புக்காரர் குடித்த கதையை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் பழி போட வேண்டாம். அதுவாக வந்து காதில் விழுந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மடிப்புக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். விமானத்திலிருந்து குதிக்கும் சிப்பாய்களுக்குப் பாராசூட் மடித்துக் கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷ அனுபவம். நீள மேஜையில் துணியை விரித்து, கயிறுகளைச் சிக்கில்லாமல் பிரித்து, மடிப்பு மேல் மடிப்பாகப் பைக்குள் அடைத்து, பையோடு இருக்கும் அட்டையில் கையெழுத்துப் போடுவார். குதிக்கிறவன் அந்த அட்டையைப் படித்துவிட்டுத்தான் பையை முதுகில் மாட்ட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. மடித்தவரை எந்த நேரமும் கூப்பிட்டு, அவர் மடித்ததிலேயே ஒன்றை உருவி, "நீயே மாட்டிக்கிட்டுக் குதி" என்று சொல்லலாம். இந்த விதியைச் சமையலுக்கும் கொண்டுவந்திருந்தால் எங்கள் மெஸ் சமையல்காரர் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார்.

குடி முதலில் சனிக்கிழமைக்கு மட்டும்தான். போகப் போக வாரத்தில் நாலு சனிக்கிழமை வர ஆரம்பித்தது. பட்டாளத்தில் இதை யார் கேட்பார்கள்? குளிருக்கு ஒன்று, பதவி உயர்வுக்கு ஒன்று, செத்தவனுக்காக ஒன்று, பிழைத்து வந்ததற்காக இரண்டு. குடிக்காதவனைத்தான் அங்கே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

போன வருஷம் ஒரு காலையில் அது முற்றியது. மடிப்புக் கூடத்தில் வேலைக்கு முன்பும் பின்பும் கருவிகளை எண்ணிப் பலகையில் மாட்டுவார்கள். அன்று இவர் பலகையில் கயிறு இழுக்கும் கொக்கி ஒன்று குறைந்தது. மேஜை இழுப்பறையில் பழைய கொக்கி ஒன்று சும்மா கிடந்தது. அதை எடுத்து மாட்டியிருந்தால் காக்கை குருவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. மனுஷன் நேராகச் சார்ஜென்டிடம் போனார்.

"ஒரு கொக்கி ஏதோ ஒரு பைக்குள்ள போயிடுச்சு சார். எதுலன்னு தெரியல. நேத்து குடிச்சது எனக்கு இன்னும் இறங்கல. எல்லாத்தையும் பிரிங்க."

அன்றைய குதிப்புக்குத் தயாராக இருந்த நாற்பது பையையும் பிரித்தார்கள். முப்பத்தேழாவது பையில், கயிறுகளுக்கு நடுவே, குத்திக்கொண்டு கிடந்ததாம். அன்றைய குதிப்பு ரத்து. சார்ஜென்ட் போட்ட சத்தம் எங்கள் வீட்டுப் பாத்திரம்வரை கேட்டது. மடிப்புக்காரரின் கையெழுத்து உரிமையைப் பறித்து, ராணுவ ஆஸ்பத்திரியின் குடி மறக்கும் வார்டுக்கு அனுப்பினார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கூடத்து லாரியை ஓட்டுவது என் வீட்டுக்காரர். வீட்டு விஷயம் பேசினால் வாயில் கொழுக்கட்டை; ஊர் விஷயம் என்றால் அருவி. அதனால்தான் எங்கள் குடித்தனம் இத்தனை வருஷம் ஓடுகிறது.

மூன்று மாதம் கழித்து மடிப்புக்காரர் திரும்பினார். பாதி ஆளாகியிருந்தார். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை அடக்க வீட்டில் கண்டதையெல்லாம் மடித்தார்: துண்டு, போர்வை, செய்தித்தாள், காய்கறிப் பை. கொடியில் நான் காயப்போட்ட என் வீட்டுத் தலையணை உறைகளும் ஒருநாள் மடிப்புக் கலையாமல் வாசலில் இருந்தன. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் ஒருமுறை, நண்பர் ஒருவரின் பிரிவு விருந்தில், சறுக்கினார். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று நான்தான் நாலு வீட்டில் சொன்னேன். ஆனால் மறுநாள் விடிந்ததும் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு நடந்தார். நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். அது இருநூறைத் தாண்டியபோது கையெழுத்து உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

உரிமை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. முதல் நாள் பத்துப் பை மடித்து அடுக்கினார். சிப்பாய்கள் அட்டையைப் படித்தார்கள், தொண்டையைச் செருமினார்கள், பக்கத்து அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பத்தும் அப்படியே இருந்தன. இரண்டாம் முறையும் அதே கதை. மேஜர் உத்தரவு போடுகிறேன் என்றாராம்.

"வேண்டாம் சார்," என்றாராம் இவர். "உத்தரவுக்கு மாட்டினா குதிக்கிற வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருப்பான். விதி இருக்கே. நீங்களே ஒண்ணை உருவுங்க. நான் குதிக்கிறேன்."

அதற்குப் பிறகும் யாரும் பையைத் தொடவில்லை என்றால் கூடத்தை விட்டுச் சாமான் கிடங்குக்குப் போய்விடுவதாக வீட்டில் சொன்னார். பூட்ஸ் எண்ணும் வேலை. சுவர் வழியாக நானே கேட்டேன்.

குதிப்பன்று மைதானத்து வேலிக்கு வெளியே நானும் அவர் மனைவியும் நின்றோம்.

"அக்கா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"அந்த ஆளு குடிச்சிட்டு மாடிப்படி இறங்குறப்போ பயந்தேன். இது வெறும் ஆகாசம்தானே," என்றாள். ஆனால் வேலிக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

விமானத்திலிருந்து ஒரு புள்ளி விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கண்ணை மட்டும்தான். துணி பட்டென்று மலர்ந்தது, ஒரு சுருக்கமில்லாமல். நாற்பத்தாறு வயது மனுஷன் மூட்டை மாதிரி வந்து இறங்கி, உருண்டு, எழுந்து, நொண்டிக்கொண்டே துணியைச் சுருட்டினார்.

"தொப்பை தெரியுது பாரு," என்றாள் அக்கா. கண் நிறைந்திருந்தது. நான் பார்க்காத மாதிரி நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மிச்சம் ஒன்பது. லாரிக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. சிப்பாய்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது அன்றைக்குச் சத்தம் போட்ட அதே சார்ஜென்ட் வந்தார். குனிந்து ஒரு அட்டையைப் படித்தார்.

"என்னய்யா கையெழுத்து இது, கோழி கிண்டின மாதிரி?"

"கை இன்னும் கொஞ்சம் ஆடுது சார். மடிக்கிறப்போ ஆடாது."

"அன்னிக்கு நீ வாயைத் திறக்கலேன்னா, வரிசைப்படி முப்பத்தேழாவது பையை மாட்டியிருக்க வேண்டியவன் நான்தான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? வாரைப் பிடி."

மடிப்புக்காரர் வாரைப் பிடித்து மாட்டிவிட்டார். சார்ஜென்ட் திரும்பி, "என்னடா வேடிக்கை? இவனை மாதிரி தப்பை ஒத்துக்கிட்ட ஒருத்தன் உங்கள்ல இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம்!" என்றார். ஒரு கையும் எழவில்லை. ஒருத்தன் வந்து இரண்டாவது பையை எடுத்தான். பிறகு தள்ளுமுள்ளு, கடைசிப் பைக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்கிறார். அவர் சத்தியத்தில் பாதியைக் கழித்தாலும் நல்ல கதைதான். நாய் வால் கதை சொன்ன நாலு வீட்டுக்கும் போய் இதையும் சொன்னேன். கூடுதலாகப் பதினோரு வீட்டுக்கும்.

இப்போது அவர் அடுக்குதான் முதலில் காலியாகிறதாம். சிப்பாய்கள் அட்டையைப் பார்ப்பதுகூட இல்லை, கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்காக மடிப்புக்காரர் தினமும் கூடத்து வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்:

"டேய், நில்லு! யார் மடிச்சதுன்னு படிச்சிட்டு எடுடா!"