பல் மருத்துவர் வளர்த்த ஊதாப் பாசி

பல் மருத்துவர் தன் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் கடல்நீர் மீன் தொட்டி ஒன்றை வைத்தார். வருகிறவர்கள் மீனைப் பார்த்துப் பயத்தை மறக்கட்டும் என்பது யோசனை. மீன்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியில் அடுக்கியிருந்த பாறைகள்தான் வினையாகப் போயின. கடையில் வாங்கிய காய்ந்த பாறைகள். வெள்ளை வெளேரென்று, அங்கங்கே குழி விழுந்து, ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தபால்காரர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"டாக்டர், பிடுங்குனதையெல்லாம் இதுலதான் போட்டு வைக்கிறீங்களா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை அவர். அறையிலிருந்த எல்லோரும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள், பிறகு வருவதாகச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிறகும் வரவில்லை.

அன்றே மருத்துவர் கோரலைன் பாசியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். மற்றப் பாசி மாதிரி வழவழவென்று தொங்குவதில்லை இது. தண்ணீரிலிருக்கும் கால்சியத்தை எடுத்து, பாறைமேல் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கெட்டியான ஓடு போலப் படரும். படர்ந்துவிட்டால் எந்தப் பாறையையும் பார்த்துப் பல் என்று யாரும் சொல்ல முடியாது.

வரவேற்பு மேசையில் உட்காரும் அவர் மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஊரார் பல்லுல காரை சுரண்டுறீங்க. இங்க வந்து காரை வளர்க்கப் போறீங்களா?"

"அது வேற காரை."

கால்சியம் ஊற்றினார், மெக்னீசியம் ஊற்றினார். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கையுறையைக் கழற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறு குப்பியில் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்த்தார். எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. பாறையில் முதலில் பழுப்பாக ஒரு தூசி படிந்தது. பிறகு பச்சையாக மயிர் மாதிரி ஒன்று முளைத்தது. ஊதா மட்டும் வரவில்லை. பூஞ்சை பிடித்த பல் மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. அவருக்கும் அப்படித்தான் பட்டது.

பாறை விற்ற கடைக்காரரிடம் போய் நின்றார்.

"காய்ஞ்ச பாறையில அது தானா எப்படி சார் வரும்? தயிருக்கு உறை ஊத்துற மாதிரிதான். ஏற்கெனவே பாசி புடிச்ச கல்லு ஒண்ணு வேணும். ஓடுற தொட்டியிலேர்ந்து ஈரம் காயாம எடுத்துட்டு வந்து போடணும். நம்ம ஊர்ல அந்த மாதிரி தொட்டி ஒருத்தர்கிட்டதான் இருக்கு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். என் மனைவியோட அண்ணன்."

"அப்புறம் என்ன சார், வீட்டுக்குள்ளயே முடிஞ்சுபோச்சு."

மருத்துவர் வெளியே வந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் மச்சானுக்கு ஒரு பல் பிடுங்கியிருந்தார். தான் காட்டியது கடைசிப் பல், பிடுங்கப்பட்டது பக்கத்துப் பல் என்பது மச்சான் கட்சி. சொத்தை பக்கத்துப் பல்லில்தான், வலி கடைசிப் பல்லில் தெரிந்தது என்பது மருத்துவர் கட்சி. வலி சில நாள் இருந்துவிட்டுத் தானாகப் போய்விட்டதால் இரண்டு கட்சிக்கும் அது தோதாகிவிட்டது. அன்றிலிருந்து மச்சான் அவரோடு நேரில் பேசுவதில்லை. ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தாலும், "தண்ணியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்று தங்கையிடம்தான் சொல்வார். கை தவறியிருக்குமோ என்ற எண்ணம் மருத்துவருக்கும் எப்போதாவது வரும். வந்தால் எழுந்துபோய்த் தண்ணீரைச் சோதிப்பார்.

கடைசியில் மனைவிதான் அண்ணன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதில் கடல்நீரும், அடியில் ஊதா நிறத்தில் சின்னதாக ஏதோ ஒன்றும்.

"கல்லைத் தர மாட்டாராம். பல்லைத் தந்தார்."

"எந்தப் பல்லை?"

"நீங்க பிடுங்குனதை. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டிருந்தார்ல, அதைத் தொட்டிக்குள்ளயே வச்சிருந்திருக்கார். பாசி ஏறிடுச்சு. 'அவர் எடுத்ததுதானே, அவரே வச்சுக்கட்டும்'னு சொல்லச் சொன்னார்."

மருத்துவர் டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வேர் நுனிவரை ஊதா. அவர் இத்தனை மாதம் பாடுபட்டு வாங்க முடியாத நிறம்.

"பாறை பல்லு மாதிரி தெரியக்கூடாதுன்னுதான் இவ்வளவும் பண்றேன். அதுல போய்ப் பல்லையே போடச் சொல்றார்."

"வேண்டாம்னா திருப்பிக் குடுத்துடறேன்."

"வேண்டாம்னு யார் சொன்னா?"

பல்லின் ஒரு பக்கத்தை லேசாகச் சுரண்டி, அந்தத் தூளை மோட்டார் தள்ளும் நீரோட்டத்தில் விட்டார். பல்லைப் பின்னால் இருந்த பாறையின் இடுக்கில் செருகினார். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. அவருக்கு மட்டும் எங்கே நின்றாலும் தெரிந்துகொண்டிருந்தது.

பாறையில் எதுவும் வருவதற்கு முன்னால் மோட்டாரின் பிளாஸ்டிக் மூடிமேல் மிளகு அளவுக்கு ஓர் ஊதாப் புள்ளி வந்தது. அதைப் பார்த்த நேரத்தில் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். மருத்துவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார், பிறகு போய் அவரிடமும் சொன்னார். வாய் திறந்திருந்ததால் அவர் பதில் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து வாரத்தில் புள்ளிகள் பாறைக்குத் தாவி, வட்டங்களாகி, ஒன்றோடொன்று சேர்ந்தன.

தங்கை சொல்லிக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை மச்சான் வந்தார். வேலை உடுப்பிலேயே தொட்டி முன்னால் நின்றார். மருத்துவர் பக்கத்தில் போய் நின்றார்.

"லைட்டு அதிகம்," என்றார் மச்சான். இரண்டு வருடத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"குறைச்சுடலாம்."

"பல்லு எங்க மாப்ளே?"

மருத்துவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, இடுக்கியை விட்டு எடுத்துக் காட்டினார். சுரண்டிய இடமும் மூடி, ஒரு கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது. இருவரும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

"சொத்தை இருந்த இடம் மூடிடுச்சு," என்றார் மருத்துவர்.

"சொத்தையே இல்ல."

"இனிமே பார்க்க முடியாது."

"ஆமா, முடியாது," என்று மச்சான் ஒப்புக்கொண்டார். பல்லை வாங்கி அவரே தண்ணீரில் போட்டார்.

மனைவி காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். மச்சான் இடது பக்கமாகவே மெல்வதை மருத்துவர் கவனித்தார்.

"வலது பக்கம் எத்தனை நாளா வலிக்குது மச்சான்?"

மச்சான் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். தங்கையைப் பார்த்தார். அவள் உள்அறையை நோக்கிக் கண்ணைக் காட்டினாள்.

நாற்காலியில் சாய்ந்ததும் மச்சான் மேல்வரிசையில் ஒரு பல்மேல் விரலை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"விரலை எடுத்தாத்தானே பார்க்க முடியும்."

"நீ இங்க வந்து நில்லும்மா," என்று விரலின் பக்கவாட்டிலிருந்து தங்கையைக் கூப்பிட்டார். அவள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, அண்ணன் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். மருத்துவர் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். அந்தப் பல்லைத் தட்டினார், பக்கத்துப் பல்லையும் தட்டினார், மறுபடி அதே பல்லுக்கு வந்தார்.

"இதுதான்," என்றார். "பிடுங்க வேண்டாம். அடைச்சாப் போதும்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.