பாதி வழியில் ஒரு ‘வரேன்’

டிக்கெட் வாங்க வருகிறவர்கள் தூரத்தைத்தான் கேட்பார்கள். நான் எத்தனை மணி நேரம் என்று பதில் சொல்வேன். தூரத்தைச் சொன்னால் மலைத்துப்போவார்கள்; நேரத்தைச் சொன்னால் இரண்டு சாப்பாடு, ஒரு தூக்கம் என்று மனம் சமாதானமாகிவிடும். டிராவல்ஸ் ஆபீஸில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் கற்ற வித்தை அது ஒன்றுதான். அன்றைக்கு அது எனக்கே பலிக்கவில்லை.

தம்பிக்கு டிக்கெட் போட்டவள் நான்தான். எங்கும் இறங்கி மாற வேண்டாத விமானம், பதினாலு மணி நேரம். வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவன் வந்து சேரும்வரை அம்மா தாங்க வேண்டுமே என்று எனக்கு ஒரே பயம். மதியம் பார்த்தபோது விமானம் பாதி தூரம் வந்திருந்தது. போனில் விரித்த வரைபடத்தில், கடலுக்கு மேல் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

வாசலைப் பார்த்தே படுத்திருந்த அம்மா, வாலு எங்கே வருகிறான் என்று கேட்டாள். அவனுக்கு நாற்பது வயது, காதோரம் நரை; அவளுக்கு இன்னும் வாலுதான். பாதி வழி வந்துவிட்டான் என்றேன். வழியில் எங்கேயாவது நிறுத்துவார்களா, சாப்பிட்டானா என்றாள். விமானம் என்ன பஸ்ஸா, டீக்கடையில் நிறுத்துவதற்கு என்று கிண்டல் செய்துவிட்டுப் பால் சுடவைக்கப் போனேன்.

டம்ளரோடு திரும்பியபோது, ஜன்னலோரம் இருந்த நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது. அம்மா எழுந்து நடந்து மாதக்கணக்காகிறது. வீட்டில் வேறு ஆள் இல்லை. நானே இழுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா இப்போது வாசலைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

“இப்பத்தான் வந்துட்டுப் போனான்டி. கை ஜில்லுனு இருந்துச்சு. வரேம்மான்னான்.”

வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருப்பான் என்றேன், விளையாட்டுப்போல. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அந்த வரேன் இல்ல. கிளம்புறப்ப சொல்ற வரேன். நான் பதிலே சொல்லல. போயிட்டு வான்னு சொன்னா போயிடுவான்ல?”

போனை எடுத்துப் பார்த்தேன். எறும்பைக் காணோம். கடலுக்கு நடுவே சிக்னல் கிடைக்காது, பயப்படாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்னவள் நான். கூடத்தில் நின்று திரையைத் தேய்த்துத் தேய்த்து விரல் வலித்தது. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் இவளிடம் எந்த வாயால் சொல்வேன்? பாலில் ஆடை படர்ந்துவிட்டது. அப்புறம், சற்றுத் தள்ளி, கரையைப் பார்த்தபடி எறும்பு மறுபடியும் தென்பட்டது. உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும்தான் அந்த நாற்காலியின் நினைவு வந்தது. அவன் இன்னும் வானத்தில் என்றால், அதில் வந்து உட்கார்ந்தது யார்? உள்ளே ஓடினேன்.

அம்மா என் பக்கம் திரும்பியிருந்தாள். முகம் துடைத்துவிட்டது போலப் பளிச்சென்றிருந்தது. வாலு பத்திரமாக வந்துகொண்டிருக்கிறான், இன்னும் ஆறு மணி நேரம்தான் என்றேன். அவ்வளவு நேரமா என்பது போலப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது.

“சரி, வரேன்டி.”

எந்த வரேன் என்று நான் கேட்கவில்லை. அதற்கான பதில், யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடுகிற பதில். உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா என் வாயையே பார்த்தபடி காத்திருந்தாள். மடியில் கிடந்த போனில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.