நாலடி பாக்கி

பதினோரு வருடமாக அந்த ஊருக்கு இன்டர்நெட் குழிக்காரரின் உடம்பு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மாதச் சந்தா இரண்டு வேளைச் சாப்பாட்டு விலை. வேகத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை.

திட்டம் அரசும் ஒரு கம்பெனியும் கூட்டாகப் போட்டது. மேற்கிலிருந்து பாதி வழி அரசு கேபிள் போட வேண்டும், கிழக்கிலிருந்து பாதி வழி கம்பெனி. பாதி எதுவரை என்பதை அவரவர் ஆபீஸ் வாசலிலிருந்து அளந்துகொண்டார்கள். கடைசியில் ஊர்க் கிளினிக்குக்குப் பின்னால் இரண்டு முனைகளும் நாலடி தள்ளி நின்றன. திறப்பு விழாவுக்கு ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பொறியாளருக்கு வியர்த்துக் கொட்டியது. பள்ளம் தோண்டிய குழிக்காரரிடம், "அண்ணே, போட்டோ எடுக்கிற வரைக்கும் ரெண்டையும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றார். அவரும் முனைக்கொரு கையாகப் பிடித்தார். நெட் வந்துவிட்டது. பணி முடிந்தது என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடின. மூடிய ஃபைலுக்கு நாலடி கேபிள் ஒதுக்க எந்த விதியிலும் இடமில்லையாம். நல்ல கூத்து.

முதல் வாரம் நாற்காலி போட்டார்கள், அடுத்த மாதம் தலைக்கு மேல் தகரம். மனைவி சாப்பாடு ஊட்டினாள். பரீட்சை முடிவு வருகிற நாளில் அவருக்கு முழங்கை அரிக்கும், பென்ஷன் விண்ணப்பம் போனால் தோள் கடுக்கும், சினிமா பார்ப்பவர்களால் வயிறு உப்பும். தூக்கத்திலும் விரல் பிரியாது. எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஓடுது" என்பார். நெட் மந்தமானால் ஊரே வந்து எட்டிப் பார்க்கும், கேபிளை.

நகரத்தில் இருந்த ஒரே மகளுக்கு, மூன்று தடவை கரு கலைந்த பிறகு, பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சேதியும் அவர் வழியாகத்தான் வந்தது. நெஞ்சில் சூடாக ஏதோ போக, என்னவென்று தெரியாமல் இருமினார். மனைவி போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். பேத்தி கொட்டாவி விட்டது. அந்தப் பிள்ளையை ஒரு தடவை தூக்கிவிட வேண்டும், அன்றிலிருந்து அவருக்கு வேறு ஆசையே இல்லை. மனு அனுப்பினார்கள். இணைப்பு திருப்தியாக இயங்குவதால் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது.

"ஒழுங்காப் பிடிச்சதுதான் தப்பாப் போச்சு" என்றாள் மனைவி.

மூன்றாம் மாதம் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தகரக் கொட்டகைக்கு வந்தாள். "அப்பா, பிடிங்க" என்று குழந்தையை நீட்டினாள். கிளினிக்கில் அப்போது நர்ஸ் ஒரு நோயாளியைத் தூரத்து டாக்டருக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். குழிக்காரருக்கு அது தோளில் தெரிந்தது.

"கொஞ்சம் இரும்மா. உள்ளே ஒருத்தருக்கு மூச்சு முட்டுது."

"பதினோரு வருஷமா யாருக்காவது ஏதாவது முட்டிக்கிட்டேதான்ப்பா இருக்கு" என்று மகள் அழுதுவிட்டாள்.

டாக்டர் மருந்து சொல்லி முடித்ததும் குழிக்காரருக்குத் தோள் லேசானது. இரண்டு கைகளையும் விட்டார்.

ஊர் முழுக்க நெட் நின்றது. ஏசுவதற்கென்றே திரண்டு வந்தார்கள். மடங்கிய விரல்களை விரிக்க முடியாமல், புறங்கைகளின் மேல் குழந்தையை ஏந்தி உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து யாருக்கும் வாய் வரவில்லை. நர்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கீழே கிடந்த முனைகளை எல்லாருக்கும் முன்னால் எடுத்துப் பிடித்தாள். நெட் வந்தது.

"அரை மணி நான் பிடிக்கிறேன். அடுத்தது யாரு?"

இப்போது கொட்டகையில் முறைப்பட்டியல் ஒன்று தொங்குகிறது, வீட்டுக்கு அரை மணி. டெய்லர் எப்போதும் தாமதமாக வருகிறார் என்று புகார் உண்டு. குழிக்காரர் வீட்டுக்கு முறை போடவில்லை. அவருடைய விரல்கள் இன்னும் முழுக்க விரியவில்லை. பேத்திக்கு அந்தக் கைதான் பழக்கம்.