இடிபடுகிற பக்கம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சாப்பாட்டுக்கடையின் சுவரில், செப்புத்தகட்டில் கீறி அச்செடுத்த பழைய படமொன்று மாட்டியிருந்தது. எந்த நாட்டுக் குடியானவனோ, பெஞ்சில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். கரண்டி இடது கையில். மனைவி அந்தக் கைப்பக்கமே ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

புஷ்பலீலாவின் கண் அங்கேயே நின்றுவிட்டது. அவள் கணவர் வடமலையும் அப்படித்தான் சாப்பிடுவார். கல்யாணப் பந்தியில் "பீச்சாங்கையால திங்கிறான் பாரு" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பக்கத்து இலைக்காரர், முழங்கை இடிக்கிறதென்று முணுமுணுப்பார். அந்தப் பேச்சே வேண்டாமென்று அவள் முந்திக்கொண்டு அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்துவிடுவாள். அவர் போய் இரண்டு வருஷமாகிறது.

"அங்க பாரு, உங்கப்பா மாதிரியே."

எதிரே இருந்த மகள் தர்ஷினி சிரித்தாள். "இல்லலா ம்மா. இப்படி பிரிண்ட் எடுத்தா எல்லாம் இடம் வலமா மாறி வரும். நெஜத்துல அந்த ஆளுக்குச் சோத்தாங்கைதான்."

புஷ்பலீலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படத்தை மறுபடியும் உற்றுப் பார்த்தாள்.

"மாறட்டும். அவளும் கூடவேதான மாறுவா? எப்படிப் பாத்தாலும் அவ இடிபடுற பக்கந்தான் ஒக்காந்திருக்கா."

தேங்காய்ப்பால் மணக்க நாசி லெமாக் சோறு வந்தது. அவளுடைய வலப்பக்கத்தில், அவர் உட்காரும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வேண்டுமென்றே வலது முழங்கையைக் கொஞ்சம் அகட்டி வைத்துச் சாப்பிட்டாள்.

எதுவும் இடிக்கவில்லை.