மூன்றாம் மணி நேரத்து மூச்சு

அன்றைக்குக் காலையில் மனைவியின் கண்ணாடியை வாங்கி, இரண்டு வில்லையிலும் ‘ஹா’வென்று ஊதி, சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்பினார். பேருந்து நிறுத்தம் போய்ச் சேருவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘மூக்கு’ என்று பேர். எந்த ஆவியையும் மோந்தே சொல்லிவிடுவார். பெயிண்ட், பசை, ரப்பர் ஆலைகளில் பறக்கிற ஆவிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் பிராணிகளுக்குக் கொடுத்து, உடம்பு அதை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. வீட்டிலும் அதே பேச்சுதான். சுண்டெலி மூச்சை அள்ளி அள்ளி இழுக்கும்; அதன் ஈரல் அந்த ஆவியை மளமளவென்று அதைவிடப் பொல்லாத ஒன்றாக மாற்றித் தனக்குத் தானே வினை வைத்துக்கொள்ளும். பெரிய எலிக்கு அவ்வளவு அவசரமில்லை. பங்காளிகள் இரண்டுக்கே ஒத்துப்போகவில்லை, ஆலையில் நிற்கிற மனுஷனுக்கு எந்தக் கணக்கைச் சொல்வது என்பார்.

அதைத் தெரிந்துகொள்ள, கெடுதல் செய்யாத அளவு ஆவியை இழுத்து, பிறகு விடுகிற மூச்சைக் குழாய்களில் அடைத்துத் தர ஆறு பேர் தேவைப்பட்டார்கள். ஐந்து பேர்தான் கிடைத்தார்கள். ஆறாவதாக அவரே போய் நின்றார். எலிகளோட பந்தியில இடம் பிடிச்சாச்சா என்று அவள் கேட்டதற்கு, கடைசி இடந்தான் கிடைச்சுது என்றார்.

அவர் போய்ப் பத்தாம் நாள், அளவைக் கருவியைப் பார்த்துக்கொள்கிற சக ஊழியை அவளை ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னாள். மேசைமேல் தாங்கியில் ஒரே ஒரு குழாய் நின்றது.

“அவரோட கடைசிக் குழாய்க்கா. ஆவியை இழுத்து முடிச்சு மூணு மணி நேரம் கழிச்சு ஊதினது. அடுத்த வாரம் ஆயிட்டா அளவு தப்பிடும். எனக்குக் கை வரல.”

விரல் நீளம். வாயில் ரப்பர் அடைப்பு. பக்கத்தில் அவர் கையெழுத்தில் நேரம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அவருடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாள். வாசனை தீர்ந்துவிடுமே என்று நாளைக்கு ஒரு தடவைதான் திறப்பாள். இது வாசனை இல்லை, மூச்சு.

“நான் எடுத்துட்டுப் போகட்டுமா?”

ஊழியை யோசிக்கவேயில்லை. “போங்கக்கா. உடைஞ்சு போச்சுன்னு எழுதிக்கிறேன்.”

கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். இது இல்லாவிட்டால் அவர் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டாள்.

“கடைசிப் புள்ளி இல்லாம கோடு முடியாதுக்கா. அவரை எடுத்துட்டு அஞ்சு பேர்னு போட்டுடுவோம்.”

அவரை எடுத்துவிட்டு. பத்து நாளாக எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். வருகைப் பதிவேட்டில், வங்கியில், பல் வைத்தியரிடம் பதிந்திருந்த நேரத்தில் என்று போகிற இடமெல்லாம் ஒரு அடித்தல்.

திரும்பி வந்து கைக்குட்டையைப் பிரித்தாள்.

“அளந்துடு. நான் பக்கத்துல நிக்கறேன்.”

ஊசி அடைப்பைத் துளைத்து உறிஞ்சியது. காகிதத்தில் கருவியின் பேனா வெகுநேரம் நேராகவே போயிற்று. பிறகு சின்னதாக ஒரு மேடு ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

சுண்டெலி மாதிரியா, பெரிய எலி மாதிரியா என்று கேட்டாள்.

“ரெண்டும் இல்லக்கா. பெரிய எலியைவிட நிதானம்.”

“சாப்பிடறதும் அப்படித்தான்” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. குழாயைக் கொண்டுபோகிறீர்களா என்று ஊழியை கேட்டதற்கு, கழுவி வைத்துவிடு, அழுக்குக் குழாய் கிடந்தால் அவருக்குப் பிடிக்காது என்றாள்.

அறிக்கை அச்சாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கருவியும் இப்போது இல்லை. திருத்திய பதிப்புகள் இரண்டு வந்துவிட்டன. அட்டவணையில் சுண்டெலி இருபத்துநாலு, எலி இருபத்துநாலு, மனிதர் ஆறு.