நாற்பத்து மூன்று திருத்தங்கள்

“இதுல உங்க பேர் எங்க இருக்கு?” என்று நேர்காணலின் முடிவில் மேலாளர் அவளிடம் கேட்டார்.

கேட்டவர் ஐம்பதை நெருங்கும் பெண். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அதுவரை ஒன்றரை மணி நேரம் இருவரும் பள்ளித் தோழிகள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். உற்பத்தி நின்றுபோன பழைய ஆலைக் கருவிகளின் நிரல்களைப் புதிய கணினியில் ஓடவைப்பது அந்த நிறுவனத்தின் தொழில். அதற்கு, பழைய கருவியைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருள் வேண்டும். எமுலேட்டர் என்பார்கள். நடிப்பு பெரும்பாலும் கோட்டைவிடுவது நினைவகத்தில்தான். எந்த முகவரியில் கேட்டால் எந்தச் சில்லு பதில் சொல்ல வேண்டும் என்பதில். அந்தக் குளறுபடிகளைத்தான் அவள் ஆறு வருடமாக வீட்டில் உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருந்தாள், ஒரு பழைய கையடக்க விளையாட்டுக் கருவிக்காக, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய திறமூல எமுலேட்டரில். சோதனைக்கென்று கொடுத்த பிழையை இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டாள். மேலாளர் பேனாவை மூடிவைத்து, “இனிமே நான் என்னத்தைக் கேக்க?” என்று சிரித்தார். மேலிடத்துக்குக் காட்ட ஒரு சான்று இருக்கட்டும் என்று அந்த எமுலேட்டரின் இணையப் பக்கத்தைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

நாற்பத்து மூன்று திருத்தங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரே பெயர். ஓர் ஆணின் பெயர்.

“அது என் வீட்டுக்காரர் பேரு மேடம். வேலை என்னோடது.”

சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று அவள் காதிலும் விழுந்தது.

மேலாளர் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். “நான் நம்பறேன். இப்பதான் கண்ணால பாத்தேனே. ஆனா எனக்கு மேல இருக்கறவங்க உங்களைப் பாக்கல, இதைத்தான் பாப்பாங்க. பதினோரு வருஷம் வேலையில இல்லாதவங்களை நேரா மூத்த பொறியாளரா எடுக்கணும்னா கையில ஏதாவது வேணும். அவர் ஒரு வரி எழுதித் தரட்டும். இல்லையா, உங்க பேர்ல ஒரே ஒரு திருத்தமாவது அங்க ஏறட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்துப் பிடிக்கறேன்.”

அன்று திங்கட்கிழமை. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அது ஒன்றுதான் அன்றைக்குத் தானாகக் கிடைத்தது.

எமுலேட்டரை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள் கணவன்தான். சின்ன வயதில் விளையாடிய படகு விளையாட்டை மறுபடி ஆட வேண்டும் என்று கணினியில் ஏற்றினான். படகு கரையைத் தொடும் நேரத்தில் காணாமல் போயிற்று. நானே சரிசெய்கிறேன் பார் என்று மூல நிரலை இறக்கி, தன் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்துவைத்தான். இரண்டே வாரத்தில் சலித்துப்போயிற்று. திறந்தபடி கிடந்த நிரலை ஒருநாள் அறையைப் பெருக்க வந்த அவள் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கருவியைச் செய்தவர்கள் சிக்கனக்காரர்கள். முகவரிக் கம்பிகளில் இரண்டை இணைக்காமலே விட்டிருந்தார்கள். அதனால் ஒரே நினைவகம் நான்கு முகவரிகளில் பதில் சொன்னது, ஒரு வீட்டுக்கு நான்கு கதவு எண் போல. விளையாட்டு எழுதியவர்கள் ஒரு கதவில் வைத்ததை இன்னொரு கதவில் எடுத்துக்கொண்டார்கள். எமுலேட்டர் எழுதியவர்களோ முதல் கதவைத் தவிர மற்ற மூன்றும் காலிமனை என்று நினைத்து, அங்கே கேட்டால் பூஜ்யம் என்று பதில் சொல்ல வைத்திருந்தார்கள். படகு முழுகியது அங்கேதான். கருவியின் உட்பலகைப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கம்பியாக விரலால் தொடர்ந்து போய் அவள் இதைக் கண்டுபிடித்தாள். எல்லாரும் வெளியே போய் வீடு காலியாக இருக்கும் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்.

முதல் திருத்தத்தை அனுப்பியபோது கணினி அவன் பெயரைப் போட்டே அனுப்பியது. அவள் கவனிக்கவில்லை. இரண்டாவதில் கவனித்தாள். மாற்ற அரை நிமிடம் போதும். மாற்றவில்லை.

ஏன் என்று பேருந்தில் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவளுடைய பழைய அலுவலகத்தில் அவள் எது சொன்னாலும் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. ‘பிரமாதம் சகோதரா’ என்று பதில் வந்தது. அந்தப் பெயருக்குள் வெயில் படாமல் உட்கார்ந்திருக்க அவளுக்குப் பிடித்திருந்தது. இதில் அவன்மேல் பழி போட ஒன்றும் இல்லை. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

சாயங்காலம் அவன் கால் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

“ஒரு வரிதானே? எழுதிட்டாப் போச்சு,” என்றான். பிறகு தட்டிலிருந்து கையை எடுத்தான். “எங்க எழுதணும்?”

“அந்த எமுலேட்டர் குழுவுக்கு. எல்லாரும் பாக்கற இடத்துல.”

“எல்லாரும்னா?”

“எல்லாரும்னா எல்லாரும்தான்.”

அவன் தண்ணீர் குடித்தான். இன்னொரு தம்ளர் ஊற்றிக்கொண்டான். “போன வருஷம் எனக்குத் தலைமைப் பொறியாளர் பதவி வந்துது இல்ல?”

“ஆமா.”

“அந்த நேர்காணல்ல இந்தத் திருத்தமெல்லாம் என்னோடதுன்னு ஒத்துக்கிட்டேன்.”

 பதவி உயர்வுக்காக வீட்டில் நடந்த விருந்து அவள் ஞாபகத்துக்கு வந்தது. அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். நாத்தனார், “எங்கண்ணன் எப்பேர்ப்பட்ட மூளைக்காரன் தெரியுமா! அண்ணிதான் பாவம், பகலெல்லாம் கம்ப்யூட்டர்ல கேம் ஆடிட்டு இருக்காங்க,” என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவன் மட்டும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பசி என்று நினைத்திருந்தாள்.

“எப்ப செஞ்சீங்கன்னு கேக்கலையா? எல்லாத்துலயும் நேரம் போட்டிருக்குமே. பட்டப்பகல்.”

“கேட்டாங்க. சாப்பாட்டு இடைவேளையிலன்னு சொன்னேன்.”

“மூணு மணி நேர இடைவேளையா?”

“கிண்டல் பண்ணாத. நான் வேணும்னு பண்ணல. அவங்களே தேடி எடுத்து, இது நீங்கதானான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல. இப்போ போய் எழுதினா என் வேலையே போயிடும்.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். “வேணா ஒண்ணு பண்றேன். அப்பப்போ நீ உதவி பண்ணினேன்னு எழுதறேன்.”

“உதவி,” என்றாள் அவள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள், தான் யாரென்று சொல்லாமல், ஏறிய திருத்தங்களில் பெயரை மாற்ற முடியுமா என்று குழுவின் தலைவருக்கு எழுதிக் கேட்டாள். எல்லாரும் அவரை ஆந்தை என்றுதான் அழைப்பார்கள். மரியாதையான பதில் வந்தது. ஏறிய பதிவுகளைத் திருத்த முடியாது. ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் முத்திரை வைத்து அடுக்கியது, ஒன்றைத் தொட்டால் ஆயிரம் பேரின் பிரதிகள் குலைந்துவிடும். சம்பந்தப்பட்டவர் தம் மின்னஞ்சல் முகவரியிலிருந்து உறுதி சொன்னால் அடிக்குறிப்பு ஒன்று சேர்க்கலாம்.

பதிவுகளை அவள் முதலிலிருந்து பார்த்தாள். எல்லாம் வார நாட்கள். எல்லாம் பகல். அவனுடைய அலுவலக வருகை அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும். நாற்பத்து மூன்று சாட்சிகள். ஆனால் அதை நீட்டினால் அவன் தலை உருளும். அவனைக் கீழே தள்ளி அவன் முதுகில் ஏறிப் போகிற வேலை அவளுக்கு வேண்டாம். இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. ஆறு வருஷம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை, பாதியில் வைத்திருந்த பெரிய திருத்தத்தை முடித்தாள். காலிமனைக் கணக்குத் தப்பென்று தெரியாத காலத்தில், குழுவினர் விளையாட்டுக்கு விளையாட்டு ஒட்டுப் போட்டிருந்தார்கள்: இந்த விளையாட்டு வந்தால் இப்படி நடி, அது வந்தால் அப்படி நடி. மொத்தம் நூற்று முப்பத்தேழு விதிவிலக்குகள். கம்பிகள் உண்மையில் எப்படி ஓடுகின்றனவோ அப்படியே நினைவக வரைபடத்தை எழுதினாள். விதிவிலக்குகள் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. மொத்தப் பட்டியலையும் அழித்தாள். கணினியில் அவன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைத் தட்டினாள். அனுப்பினாள்.

வியாழன் காலை ஆந்தையிடமிருந்து பதில்: “புதியவருக்கு நல்வரவு. முதல் முயற்சியே இவ்வளவு பெரிதா! இந்தப் பகுதியை நம்மில் நன்கு அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பார்த்துச் சரி என்றதும் ஏற்றிவிடுகிறேன்.” கீழே, சரிபார்ப்பவர் என்ற இடத்தில் அவள் கணவனின் பெயர்.

அவள் சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

அவனுக்கு ஃபோன் செய்தாள். “சரின்னு ஒரு வார்த்தை போடுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, எனக்கும் வேலை கிடைச்சிடும்.”

“அவ்வளவுதானே? போட்டுடறேன்,” என்றான். அவன் குரலில் பாரம் இறங்கிய நிம்மதி தெரிந்தது. அவளுக்கும்தான்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் பார்த்தாள். அவன் எழுதியிருந்தது: “நல்ல முயற்சி. சில இடங்களை இன்னும் எளிமையாக்கலாம்.” அதற்குக் கீழே ஆந்தை: “புதியவரே, அவர் சொன்னபடி திருத்தி அனுப்புங்கள்.”

அவன் கண்ணாடி முன்னால் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

“எந்த இடம்?” என்று கேட்டாள்.

“என்ன எந்த இடம்?”

“எளிமையாக்கணும்னு எழுதியிருக்கீங்களே. நூத்தி முப்பத்தேழு விதிவிலக்கை அழிச்சிருக்கேன். இன்னும் எதை எளிமையாக்கறது?”

“அது ஒரு பேச்சுக்கு. இவ்வளவு பெரிசைப் பாத்த உடனே சரின்னு சொன்னா, படிக்காமலே சொல்லிட்டான்னு நினைப்பாங்க. அப்புறம் அங்க என் பேர் என்ன ஆகறது?”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அந்தப் பெயருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

“படிச்சீங்களா?”

“பாத்தேன். ஒண்ணும் புரியல,” என்றான், வெட்கப்படாமல். பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். “இப்ப என்ன கெட்டுப்போச்சு? நீயே ஏதாவது ரெண்டு இடத்தைச் சொல்லு, நான் அதை அங்க எழுதறேன். நீ அதை மாத்தி அனுப்பு, நான் சரின்னு போட்டுடறேன். பத்து நிமிஷ வேலை. மத்தியானத்துக்குள்ள ஏறிடும், உன் மேலாளரம்மாவுக்கும் காட்டிடலாம். சொல்லு, சொல்லு, எனக்கு நேரமாகுது.”

பத்து நிமிட வேலைதான். அவளுக்கு இரண்டு இடங்கள் தோன்றவும் செய்தன. நன்றாக இருப்பதைக் கொஞ்சம் கெடுத்து, பார்வைக்கு எளிமைபோல் காட்டக்கூடிய இடங்கள். அவற்றைக் கண்டுபிடித்த பெருமையும் அவன் பெயரில் ஏறும். நாற்பத்து நான்காவது. அதைச் செய்தால் வேலை கிடைக்கும். செய்யாவிட்டால் அந்தத் திருத்தம் அங்கேயே தொங்கும், ஏனென்றால் இவனால் தன் வரிக்கு விளக்கம் சொல்லவே முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலாளர் அவளுடைய விண்ணப்பக் கோப்பை மூடிவிடுவார்.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“என்ன, சொல்லமாட்டியா?” என்றான்.

அவள் தட்டினாள். பொது இடத்தில், தன் பெயரில், அவன் எழுதிய வரிக்கு நேர் கீழே: “எந்த இடங்கள், ஏன் என்பதை ஐயா விளக்க வேண்டும். அதுவரை ஒரு வரியையும் மாற்றுவதாக இல்லை.”

அனுப்பினாள். அவனுடைய சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது.

“எடுத்துப் பாருங்க,” என்றாள். “உங்களுக்குத்தான்.”

அவன் எடுக்கவில்லை. “பைத்தியமா உனக்கு? உன் வேலையை நீயே கெடுத்துக்கற,” என்றான்.

“ஆமா,” என்றாள் அவள். சான்று வராது என்று தெரிந்த பிறகும் மேலாளரை ஐந்து மணிவரை காத்திருக்க வைப்பது நியாயமில்லை என்று தோன்றியது. அவருடைய எண்ணைத் தேடி எடுத்து அழைத்து, மறுமுனையில் மணி அடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.